செத்தும் படிக்கிற பிள்ளை

கனிஷ்காவின் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை, பொன்வாகை உறைவிடப் பள்ளியில் முதல் ஸ்டடிக்கு மணி அடித்ததும், இரட்டைச் சடை மடித்துக் கட்டிய பெண்பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி வரிசையாய் வந்து உட்கார்ந்த கூடத்தில், சுவரோரம் தன் பழைய இடத்தில் கனிஷ்காவும் வந்து உட்கார்ந்தாள். வேதியியல் புத்தகத்தை விரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வார்டன் புஷ்பகலா தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டுக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில் கனிஷ்காவின் பெயரையும் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட அதே நேரத்தில், "ப்ரெசென்ட் மிஸ்" என்று பதில் வந்தது. வார்டன் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் வந்துவிட்ட பிறகு ஒரு வார்டன் வேறு என்னதான் செய்ய முடியும்? அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அவள் எப்படிப் போனாள் என்பது இந்தக் கதையில் கிடையாது. ஊர் முழுக்க அதைத்தான் கேட்டது, எப்படி, எந்த இடத்தில், யார் முதலில் பார்த்தது என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டது, ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தப் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தானாகப் போய்விட்டால் அதற்கு வயிற்றுவலி என்று பெயர். தீராத வயிற்றுவலி. காதல் என்று எழுதினால் குடும்பத்துக்குக் கேவலம், படிப்பு என்று எழுதினால் பள்ளிக்கூடத்துக்குக் கேவலம், மனசு என்று எழுதினால் யாருக்கும் விளங்காது, வயிறு மட்டும்தான் யாரையும் கை காட்டாது. ஆகையால் கனிஷ்காவுக்கும் வயிறு வலித்தது என்று பள்ளி சொன்னது, காவல் நிலையம் எழுதிக்கொண்டது, உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள், பெற்றவள் தவமணி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட பிள்ளை திரும்பி வந்து படிக்கிறது என்றால் முதல் இரண்டு நாள் பள்ளி பயப்படத்தான் செய்தது. வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள். சுற்றுக் கிராமத்திலிருந்து ஒரு பூசாரியை வரவழைத்தார்கள், அவர் வேப்பிலையும் உடுக்கையுமாக வந்து இறங்கி, அலுவலக வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் வாராந்திரத் தேர்வின் விடைத்தாள்கள் திருத்தி வந்தன. வேதியியலில் முழு மதிப்பெண். இயற்பியலில் முழு மதிப்பெண். உயிரியலில், உயிரியலிலும்தான், முழு மதிப்பெண். தாளாளர் செங்கோடன் விடைத்தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு வராந்தாவுக்கு வந்து பூசாரியிடம், "சாமி, சிரமம் குடுத்துட்டமுங்க, நீங்க காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க, பஸ் இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? அவள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் புழு இருக்கிறது என்று தட்டை நீட்டவில்லை, ஏனென்றால் அவள் சாப்பிடுவதே இல்லை. காய்ச்சல் வரவில்லை, மாதாமாதம் வருகிற வலி வரவில்லை, விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் அழவில்லை, வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுங்கள் மிஸ் என்று வார்டன் அறை வாசலில் நிற்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காதபோது படித்தாள். கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, விதிமுறைகளை எல்லாம் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, மாணவிக்குக் குறைந்தபட்ச வருகை இருக்க வேண்டும், சீருடை இருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறதே தவிர உயிர் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை என்று கண்டு, கனிஷ்காவின் விரல் நகங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

தவமணிக்குப் போன் வந்தது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கனிஷ்கா வந்துட்டா. நல்லா படிக்கறா. ஞாயித்துக்கெழமை விசிட்டிங்குக்கு வந்துருங்க" என்று வார்டன் சொன்னபோது, அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறந்த மகள் திரும்பி வந்திருக்கிறாள் என்று சொன்னால் எந்தத் தாய் கேள்வி கேட்பாள்? ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய் அரிசியும் பருப்பும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளி ஒரு திருவிழா. சேலம் பக்கமிருந்தும் தர்மபுரிப் பக்கமிருந்தும் வேன் பிடித்து வருகிற குடும்பங்கள் புங்கமரங்களுக்கு அடியில் பாயும் பெட்ஷீட்டும் விரித்து, தூக்குப்போசியும் அடுக்குக் கேரியருமாகத் திறந்து வைத்து, ஒரு வாரத்துப் பாசத்தைப் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள் பிள்ளைகளின் வாயில் ஊட்டிவிடுவார்கள். கறிக்குழம்பு வாசனையும் பிள்ளைகளின் அழுகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் அந்த மைதானத்தில், பெற்றவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. "உங்க பொண்ணு செட் ஆயிட்டாளுங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். "எங்கீங்க, இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கறா" என்று இன்னொருத்தி வெட்கப்படுவாள். "கண்டுக்காதீங்க. அழுதா திரும்பிப் பாக்காம போயிருங்க. மூணே வாரம். எங்களுது அப்படித்தான், இப்பப் பாருங்க, வாயே தொறக்கறதில்ல." வாயே திறக்காத பிள்ளை செட் ஆன பிள்ளை. எதையும் கேட்காத பிள்ளை செட் ஆன பிள்ளை. மைதானத்தின் தெற்கு மூலையில் அப்படிச் செட் ஆன பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தவமணி எப்போதும் வடக்கு மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தவள். ஜூனில் சேர்த்ததிலிருந்து செப்டம்பர் வரை ஒரு ஞாயிறு தவறாமல் கனிஷ்கா அழுதாள், கத்தினாள், அரிசிம்பருப்புச் சோற்றில் கிடக்கும் பூண்டை எல்லாம் பொறுக்கி அம்மாவின் தட்டில் எறிந்தாள், "இந்தப் பூண்டு நாத்தத்தோட ஸ்டடில போய் உக்கார முடியாது, உனக்கு எத்தன தடவ சொல்றது" என்று சண்டை போட்டாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் சண்டை போடவில்லை. பூண்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, என்னால முடியலம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். தவமணி கேரியரின் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கிளிப் வளைந்திருந்தது, மாட்டவில்லை. "காலாண்டு லீவு வருதுல்ல சாமி, அது வரைக்கும் பல்லக் கடிச்சுக்க" என்றாள். பிறகு பக்கத்துப் பாயில் இருந்தவளிடம், "இன்னைக்கி அழுகலீங்க, செட் ஆயிட்டான்னு நெனைக்கறேன்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு என்று ஒன்று வரவில்லை.

இப்போது வந்தது. புங்கமரத்தடியில் கனிஷ்கா புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அதே முகம், இடது புருவத்தில் சிறு வயதில் விழுந்து பட்ட தழும்பு, அதே கன்னம். தவமணி கேரியரைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. இருந்தால் என்ன? குளிர்ந்த பிள்ளையும் பிள்ளைதான்.

"சாமி, நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கேன்ம்மா."

"வலிக்குதா எங்கயாச்சும்?"

"இல்லம்மா."

"சாப்புடு சாமி. பூண்டே போடல, பாரு."

"வேண்டாம்மா. படிக்கணும்மா."

அவள் படித்தாள். தவமணி அவள் சடையைத் தொட்டுக்கொண்டே நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை, சண்டை இல்லை, போகாதே என்று முந்தானையைப் பிடித்து இழுப்பது இல்லை. தெற்கு மூலையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து, "உங்க பொண்ணு நல்லா செட் ஆயிட்டாளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனபோது, சொல்லவே கூசுகிறது, தவமணிக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே புருசனுக்குப் போன் போட்டாள். சண்முகராசு போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ ஒரு பாறைக்காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். கூட இருந்தவனிடம் எந்திரத்தை நிறுத்தச் சொன்னான்.

"சாப்பிட்டாளா?" என்றான்.

"இல்ல."

"உன்கூடச் சண்ட கட்டுனாளா?"

"இல்ல. நல்லா செட்…"

"அப்ப அது நம்ம புள்ள இல்ல தவம்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிறுகளில் கனிஷ்காவைப் பார்க்க ஊர்ப்பட்ட கூட்டம் வந்தது. முதலில் தூரமாக நின்று பார்த்தார்கள், பிறகு கிட்டே வந்தார்கள், பிறகு அவள் மடியருகே பேனாக்களை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், மாதிரித் தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைகளின் தலையை அவள் கால் பக்கம் அழுத்திக் கும்பிட வைத்தார்கள். பள்ளி வாசலில் முப்பதடி உயரத்துக்கு ஒரு பேனர் எழுந்தது, அதில் கனிஷ்கா சிரித்தாள், எப்போதோ சேர்க்கையின்போது எடுத்த படம், கீழே தங்க எழுத்தில் "இடைவிடாத முயற்சி" என்று இருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் தாளாளர் ஒருத்தர் தன்னிடம் ஏன் அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று தன் ஆசிரியர்களைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியதாகக்கூடப் பேச்சு. வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளையின் மண்டையில் சாக்பீஸை எறிந்து, "அவளுக்கு இல்லாத தூக்கம் உனக்கென்னடி?" என்று கேட்டார்கள். பசிக்கிறது என்ற பிள்ளையிடம், "அவ சாப்புட்டா படிக்கறா?" என்று கேட்டார்கள். புங்கமரத்தடிகளில், கறிச்சோறு பிசைந்த கையை ஆட்டி ஆட்டி, அம்மாக்களும் அப்பாக்களும் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "பாரு, அந்தப் புள்ள செத்தும் படிக்குது. உனக்கு உசுரு இருந்து என்னத்துக்கு?"

சொன்னார்கள். தலையில் இடி விழவில்லை இவர்களுக்கு, நாக்கு அழுகி விழவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு துண்டு கறி எடுத்து வைத்தார்கள்.

பவதாரணி, கனிஷ்காவின் பக்கத்துக் கட்டில்காரி. குள்ளம், வாயாடி, வார்டன் நடக்கிற நடையையும் செங்கோடன் பிரேயரில் தொண்டையைச் செருமுகிற செருமலையும் அப்படியே செய்து காட்டுவாள். கனிஷ்கா உயிரோடு இருந்தபோது அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள். அவளுடைய அம்மா ஈஸ்வரி, ராசிபுரத்துப் பக்கம் ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மா, ஞாயிறு ஞாயிறு தவமணிக்குப் பக்கத்திலேயே பாய் விரிக்கத் தொடங்கினாள். நிழலுக்காக அல்ல. மகளை வைத்துக்கொண்டு கனிஷ்காவைக் காட்டலாம் அல்லவா?

"உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குதுங்க்கா" என்பாள். "எங்களுது இருக்குது பாருங்க, எருமை. தின்னும், தூங்கும், பேசும். அடியே, வாயில என்ன? அங்க பாரு அந்தப் புள்ளைய."

பவதாரணி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அங்கே பார்த்தாள். வாரத்துக்கு வாரம் அவள் பார்க்கிற விதம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் பயந்து பார்த்தாள். பிறகு பரிதாபமாகப் பார்த்தாள். நவம்பர் மழை தொடங்கிய வாரம், ஈஸ்வரி வேனிலிருந்து தண்ணீர்க் கேன் எடுத்துவரப் போயிருந்தபோது, பவதாரணி முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணெடுக்காமல், பெரிய கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கிற மாதிரி கனிஷ்காவைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஆன்ட்டி, கவனிச்சீங்களா? கனிஷ்காவ இப்ப யாருமே திட்டறதில்ல."

தவமணி மகளின் சடையிலிருந்து கையை எடுத்தாள்.

"அவளுக்குப் பசிக்கறதில்ல. தூக்கம் வர்றதில்ல. எல்லாருக்கும் அவளப் புடிச்சிருக்குது. உங்களுக்கும் புடிச்சிருக்குது, நீங்க அவளத் திட்டறதே இல்ல." பவதாரணி சிரித்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று. "என்னால முடியல ஆன்ட்டி. நானும் இப்படி ஆயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

அந்தக் குரல். தவமணிக்கு அந்தக் குரல் தெரியும். சத்தமில்லாத, சண்டையில்லாத, கோபம் வற்றிப்போன அந்தக் குரலைப் போய் அமைதி என்று நம்பி, வளைந்த கிளிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே ஒரு பிள்ளையைத் தாரை வார்த்தவள் அவள். அவளுக்குள் ஏதோ ஒன்று கிளம்பியது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். துக்கம் இல்லை அது, இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோபம்.

பவதாரணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்படித் தோணுறது எவ்வளவு நாளா? எங்கிட்டச் சொல்லு கண்ணு. நான் எங்கயும் போகல."

"கொஞ்ச நாளா," என்றாள் பவதாரணி. கண் நிறைந்துவிட்டது.

தண்ணீர்க் கேனோடு வந்த ஈஸ்வரியிடம் தவமணி விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள், உங்கள் பிள்ளை சாகலாம் என்று நினைக்கிறாள், இன்றைக்கே கூட்டிப் போங்கள், இங்கே விடாதீர்கள் என்று. ஈஸ்வரியின் முகம் சுருங்கியது. "என்னக்கா இப்படிப் பேசறீங்க? உங்க புள்ள ஃபர்ஸ்ட் வருது, எங்க புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க. நல்லா இருக்குதே நாயம்." கேனைத் தொப்பென்று வைத்தாள். "அவ சும்மா நடிக்கறா. அவளுக்கு எல்லாத்துலயும் நடிப்பு."

தவமணி பவதாரணியின் கையைப் பிடித்தபடியே வார்டனிடம் ஓடினாள். வார்டன் சொன்னாள், "சனிக்கிழமை மோட்டிவேஷன் க்ளாஸ் இருக்கும்மா, அதுல சொல்லச் சொல்றேன். கனிஷ்காவையே மேடையில உக்கார வெக்கறோம்."

அதைக் கேட்டதும் தவமணி திரும்பி மகளிடம் வந்தாள். இத்தனை ஞாயிறாகக் கேட்கப் பயந்ததைக் கேட்பதற்காக, பவதாரணியின் கையை விடாமல், இறந்த பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடினாள்.

"கனிஷ்கா. இங்க உனக்குப் புடிச்சிருக்குதா?"

கனிஷ்கா யோசித்தாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்கிற பிள்ளை முதன்முறையாக யோசித்தாள்.

"புடிக்கறதுன்னா எப்படி இருக்கும்னு மறந்துபோச்சும்மா."

"வீட்டுக்குப் போலாமா?"

"அன்னைக்குப் போகணும்னு இருந்துச்சு. இப்ப எங்க போகணும்னும் இல்லம்மா."

"எம்மேல கோவமா சாமி?"

"கோவம் வரமாட்டேங்குதும்மா. வந்தா நல்லா இருக்கும். தேடிப் பாத்தேன்." அவள் பவதாரணியைப் பார்த்தாள். "பவா அன்னைக்கி வார்டன் மாதிரி நடந்து காட்டுனா. எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியல. முன்னாடி தெரியும். அவ்வளவுதான் பவா. வேற ஒண்ணுமே இல்ல இங்க. வலியும் இல்ல, நானும் இல்ல."

பவதாரணி தவமணியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

தவமணி எழுந்தாள். வாழ்நாளில் யார் முன்னாலும் குரல் உயர்த்தாதவள், அளவு சரியில்லை என்று துணியை முகத்தில் எறிந்த வாடிக்கைக்காரிகளிடமும் "சரிங்க, பிரிச்சுத் தச்சுத் தாறேனுங்க" என்று சொன்னவள், பவதாரணியின் கையை விடாமல் அங்கேயே நின்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கேளுங்க! எல்லாரும் கேளுங்க! என்ற புள்ளைக்கு வயித்துவலி இல்ல!"

கறிச்சோறு பிசைந்த கைகள் நின்றன.

"என்ற புள்ள முடியலன்னு சொன்னா. எங்கிட்டச் சொன்னா, நான் கேக்கல. வார்டன்கிட்டச் சொன்னா, நாடகம் போடாதேன்னு சொன்னாங்க. வாத்தியாருங்ககிட்டச் சொன்னா, சூரியனுக்கு முன்னாடி எந்திரிச்சாச் சரியாயிரும்னாங்க. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுப் போயிட்டா. போனவளக் கூட்டியாந்து உக்கார வெச்சு, அவளப் பாத்துப் படி அவளப் பாத்துப் படின்னு உசுரோட இருக்கற புள்ளைககிட்டச் சொல்றீங்களே, நீங்கெல்லாம் சோறுதான் திங்கறீங்களா? பொணத்தப் பாத்துப் பொறாமப்பட வெச்சுட்டீங்களேடா பாவிகளா! உங்க புள்ளைகளுக்குச் சாவத்தான் சொல்லிக் குடுக்கறீங்க, தெரியுதா? பீஸ் கட்டிச் சொல்லிக் குடுக்கறீங்க!"

செங்கோடன் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். அவசரப்படவில்லை. அவர் எப்போதும் அவசரப்படுவதில்லை. "அம்மா, உங்க மனநெல எனக்குப் புரியுது. ஆனா இந்த மாதிரிக் கலாட்டா பண்ணுனீங்கன்னா அடுத்த வாரத்துலருந்து உங்கள உள்ள விடமுடியாதுங்க. பொண்ணப் பாக்க முடியாது. யோசிச்சுக்குங்க. இன்னைக்கி மன்னிப்புக் கேட்டுட்டு உக்காந்துட்டீங்கன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

தவமணி மகளைப் பார்த்தாள். இடது புருவத் தழும்பு, மடித்துக் கட்டிய சடை, குளிர்ந்த கன்னம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, தான் சாகிற வரை, தொட்டுப் பார்க்கலாம். கேட்டதெல்லாம் மன்னிப்புத்தானே? பவதாரணியின் மணிக்கட்டில் நாடி அவள் விரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது, அவசர அவசரமாக, பயந்துபோன கோழிக்குஞ்சு மாதிரி.

குனிந்து மகளின் காதருகே போனாள். "எஞ்சாமி, அன்னைக்கே உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும். இனிமே எவன் பேரு கூப்புட்டாலும் நீ வரக்கூடாது. அம்மா சொல்றேன். நீ தூங்கு."

"சரிம்மா" என்றாள் கனிஷ்கா. அதே குரல்தான். ஆனால் எழுந்தவள் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டடி கூடத்தை நோக்கி நடந்தாள், கூட்டம் வழிவிட்டது, இரண்டாவது புங்கமரத்தைத் தாண்டுகிற வரை இருந்தாள், தாண்டியபின் இல்லை. மண்ணில் மழை ஈரம் இருந்தது, தடம் இல்லை. கூடத்தின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற வார்டன் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று மாலையும் அவள் கனிஷ்காவுக்கு வருகை போட்டாள் என்பதையும், மறுநாளும் போட்டாள் என்பதையும், வெற்றிடத்தைக் காட்டி அங்கேதான் இருக்கிறாள், நன்றாகப் பாருங்கள், படிக்கிறவர்கள் கண்ணுக்குத்தான் தெரிவாள் என்று செங்கோடன் பெற்றோரிடம் சொன்னார் என்பதையும், பல பேர் தெரிகிறது தெரிகிறது என்று தலையாட்டினார்கள் என்பதையும் பிற்பாடு ஊர் பேசியது.

தவமணி அழவில்லை. பவதாரணியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஈஸ்வரி, "எம்புள்ளய எங்கீங்க இழுத்துட்டுப் போறீங்க, விடுங்க கைய" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். வாட்ச்மேன் கம்பியைக் குறுக்கே வைத்து, "அவுட்பாஸ் இல்லாம பொண்ண வெளிய விடமாட்டமுங்க" என்றான்.

அப்போதுதான் பவதாரணி வாய் திறந்தாள். சத்தமாக இல்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, நான் நடிக்கலம்மா."

ஈஸ்வரி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதமாக மதிப்பெண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அந்த முகத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கண்ணுக்குக் கீழே கரு வளையம், ஓரத்தில் கிழிபடக் கடித்திருந்த உதடு, கழுத்தெலும்பு. இதெல்லாம் எப்போது வந்தது? அவள் வாட்ச்மேனின் கம்பியை ஒரு கையால் தள்ளினாள். ஜவுளிக்கடை வீட்டம்மாவின் கைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அவளுக்கே தெரியாது. "நான் பெத்த புள்ளைக்கு எவண்டா பாஸ் குடுக்கறது?" என்றாள்.

வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில், முப்பதடி பேனரின் நிழலில், மூவரும் நின்றார்கள். ஈஸ்வரிக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. "அக்கா, இப்ப என்னங்க பண்றது? அவங்கப்பாவுக்கு என்ன சொல்றது? சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்கறாங்க. நானும் வாறேன்."

"ஐயோ, பைத்தியம்னு சொல்லிருவாங்களேக்கா. நாளைக்கு மாப்பிள்ள பாக்க…"

"அம்மா!" என்று கத்தினாள் பவதாரணி.

பஸ் நிறுத்தமே திரும்பியது. பூக்காரி திரும்பினாள், பேக்கரிக்காரர் திரும்பினார். குள்ளப் பிள்ளை நடு ரோட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். "சொல்லட்டுமே! பைத்தியம்னு சொல்லட்டும்! உனக்கு மாப்பிள்ளதான் முக்கியமா? நான் மூணு மாசமா தூங்கலன்னு உனக்குத் தெரியுமா? பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன்னு தெரியுமா? போன் பண்ணி அழுதப்ப கட் பண்ணுனியே, அன்னைக்கி என்ன நெனச்சேன்னு தெரியுமா? எருமைங்கற! எல்லார் முன்னாடியும் எருமைங்கற! ஒரு நாளாவது எப்படி இருக்கறன்னு கேட்டியா? மார்க் என்னங்கற, மார்க் என்னங்கற, மார்க்கப் பெத்துக்க வேண்டியதுதான என்னைய எதுக்குப் பெத்த?"

ஈஸ்வரி வாயைத் திறந்தாள். "மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்வதற்குத்தான் திறந்தாள். தவமணி அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதியப் பிடித்தாள். "வாய மூடுங்க. புள்ள பேசட்டும்."

ஈஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். பவதாரணி பேசினாள், மூக்கு ஒழுக, எச்சில் தெறிக்க, கை இரண்டையும் வீசி வீசிப் பேசினாள், கொஞ்சங்கூட நியாயமில்லாமல் சிலதையும், கேட்டவர் நெஞ்சு அறுந்துபோகும்படி சிலதையும் சொன்னாள். ஒரு பிள்ளை தன் அம்மாவை அப்படித் திட்டி அந்த ஊர் கேட்டதில்லை. தவமணி மட்டும் ஒரு சொல் விடாமல், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராசிபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்க, ஏறுங்க, எடம் இருக்குது" என்றான். யாரும் நகரவில்லை. அவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க போங்கண்ணா," என்றாள் தவமணி. "அவ இன்னும் முடிக்கல."